தண்ணீர் மேற்கே ஓடிய காலை

தம்பி, "டிக்கெட் போட்டாச்சும்மா, இனிமே நீ ஒண்ணும் யோசிக்காத" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். யோசிக்காமல் இருப்பது எப்படி என்றும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பொங்கல் கழித்து வருவாய், பத்து நாள் இருப்பாய், திரும்பும்போது என்னையும் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய். வீட்டைப் பூட்டி எதிர்வீட்டு ஜெயாவிடம் சாவியைக் கொடுப்பது வரைக்கும் நீயும் கவிதாவும் பேசி முடித்துவிட்டீர்கள். நானும் "சரிப்பா" என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தால் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்றுகூடக் குழப்பமாக இருக்கிறது. பால் எல்லார் வீட்டிலும்தான் பொங்குகிறது. ஆனால் இப்போது என் வீட்டில் பொங்கினால் மட்டும் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது.

போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல முடிவதில்லை. நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து தினமும் ரிஜிஸ்டர் எழுதிய கை இது, இன்னும் நடுங்கவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நானே அனுப்புவேன், அதற்கு எனக்கு யார் தயவும் வேண்டாம். உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஜெயா உனக்குப் போன் பண்ணி "அம்மா ஏரியில வழி தெரியாம தொலைஞ்சுட்டாங்க" என்று சொன்னதும் நீ என்னிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கவில்லை. "அடிக்கடி இப்படி ஆவுதா?" என்றுதான் கேட்டாய். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துபோனது. ஆனால் நீ கேட்டது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாதையைச் சொல்ல வேண்டும், நீ பார்த்ததில்லை. நீ போன பிறகுதான் வனத்துறையில் நம் ஏரிக்கரையைச் சரிபண்ணி, பறவை பார்க்க வருகிறவர்களுக்காக நடைபாதை போட்டார்கள். கிழக்கே வாசல். உள்ளே நுழைந்ததும் ஒரு போர்டு: எளிய நடைபாதை, முதியோரும் குழந்தைகளும் நடக்கலாம். கரை மேலேயே மேற்கு நோக்கி நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஏரி, கருவேல மரம் முழுக்க நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வெள்ளையாய்க் கறுப்பாய் உட்கார்ந்திருக்கும். வழியில் இரண்டு கோபுரம், ஏறி நின்று பார்க்க. இரண்டாவது கோபுரத்துக்கு அந்தப்புறம் பாதை கரையை விட்டுக் கீழே இறங்கி வாய்க்காலைத் தொடும். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகவே கிழக்கே நடந்தால் மறுபடி வாசல். இதில் தொலைவதற்கு ஒன்றுமே இல்லை. டாக்டர் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னதிலிருந்து நானும் ஜெயாவும் ஒரு வருஷமாகத் தினமும் நடந்த பாதை அது. முதல் கோபுரம் வரைக்கும் ஜெயா தன் மருமகளைத் திட்டுவாள், இரண்டாவது கோபுரம் வரைக்கும் நான் என் மருமகளைப் புகழ்வேன். கவிதாவிடம் இதைச் சொல், சந்தோஷப்படட்டும். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும், பேச மாட்டோம். வாய்க்கால் தண்ணீர் கூடவே வந்து வாசலில் விட்டுவிடும்.

அன்றைக்கு மார்கழிப் பனி. எதிரே வருகிற ஆள் முகம் தெரியாத பனி. ஜெயா முட்டி வலி என்று வரவில்லை, போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. தனியாகத்தான் போனேன். இரண்டாவது கோபுரம் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏரி தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. நாரைக்குஞ்சுகள் கத்துகிற சத்தம் நாலு பக்கமிருந்தும் வருகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். எழுந்தபோது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சட்டென்று பிடிபடவில்லை. பதறவில்லை, ஏன் பதற வேண்டும்? வாய்க்காலை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மெதுவாக ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற பக்கமே நடந்தேன். ரொம்ப நேரம் நடந்தேன். வழியில் நான் பார்த்தே இராத ஒரு போர்செட் கொட்டகை வந்தது. செங்கல் பாதை முடிந்து டிராக்டர் தடம் வந்தது. இது நம் வழி இல்லையே என்று தோன்றியது, ஆனால் தண்ணீர் அந்தப் பக்கம்தானே போகிறது, தண்ணீர் பொய் சொல்லுமா என்று மேலும் நடந்தேன். பனி விலகியபோது நான் மேற்கே, ஏரிக்கு அந்தப்புறம், யாருடைய வயல் வரப்பிலோ நின்றுகொண்டிருந்தேன். கால் ரெண்டும் சேறு. ஒன்பது மணிக்கு மேல், நான் வெளியே வரவில்லை என்று வனத்துறை வாட்சர் செல்வம் பைக்கில் தேடிக்கொண்டு வந்தான். "என்னம்மா, இங்க வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டான். எனக்கு அழுகைதான் வந்தது.

தண்ணீரை ஏன் அப்படி நம்பினேன் என்று நீ கேட்பாய். அது உன் அப்பா கொடுத்த பாடம். கல்யாணமான புதிதில், திருவிடைமருதூரில் நாலு வீதியும் தேரும் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வயல்வெளியில் எல்லா வரப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தது. நடவு நாளில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். எங்கெங்கோ சுற்றி, யாரோ ஒருவருடைய வயலில் போய்த் தூக்குவாளியை இறக்கி வைத்தேன். அங்கே நட்டுக்கொண்டிருந்த பெண்கள் "புதுப்பொண்ணு நமக்குச் சோறு கொண்டாந்துருக்குடி" என்று சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியாது. அப்பா வந்து என்னைக் கூட்டிப்போகும்போது சொன்னார்: "இந்தா, இங்க தெச தெரியலன்னா மரத்த பாக்காத, கோயில் கோபுரத்த பாக்காத. தண்ணிய பாரு. தண்ணி போற பக்கம் கெழக்கு. நம்ம பக்கம் காவேரித் தண்ணி வேற எங்கயும் போவாது." அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் வழி தவறவில்லை. நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினாலும் முதலில் ஆற்றைப் பார்த்துத்தான் நடப்பேன். நீ சின்ன வயதில் கிண்டல் பண்ணுவாய், ஞாபகம் இருக்கிறதா?

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பாதி உனக்குத் தெரியும். அப்பா போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள். காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். வழக்கமான பக்கமிருந்து வரவில்லை, ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் சேறு, நா வறண்டு கிடந்தது. தோளில் மண்வெட்டியோடு வாசலிலேயே நின்று, "அடியே, தண்ணி மேக்க ஓடுதுடி" என்றார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஏற்கெனவே அவர் டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருந்தார். ஒருநாள் காபி குடித்துவிட்டு மறுபடி காபி கேட்டிருந்தார். எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. அந்தப் பயத்தில் சிரித்துவிட்டேன். "ஏங்க, தண்ணி மேக்க ஓடும், சூரியன் தெக்க உதிக்கும். சத்தம் போட்டுச் சொல்லாதீங்க, ஊரு சிரிக்கும்" என்றேன். "நெசமாத்தாண்டி. வந்து பாரு, மூணு பர்லாங்குதான்" என்றார். நான் போகவில்லை. மறுபடி சொன்னார், கையைப் பிடித்து இழுத்தார். "கையக் கழுவிட்டு வந்து சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் பண்ணினேன். நீயும் நானும் பேசினோம், "இனிமே தனியா வயலுக்கு விடாதம்மா" என்று சொன்னாய். உன் மேல் பழி போடவில்லை, நான் சொன்னதைக் கேட்டுத்தானே நீ சொன்னாய். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். சைக்கிளை விற்றேன். மண்வெட்டியை மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றி மேலே சாக்கைப் போட்டு மூடினேன். பத்து நாள் தேடினார், தம்பி. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் அதை வைக்கிற இடத்தில் போய்ப் போய் நின்று பார்ப்பார். "மம்பட்டிய பாத்தியா?" என்று கேட்பார். "யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அதற்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். விளையாட்டா செய்தியா என்றுகூடப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஏரியிலிருந்து வந்த அன்று குளித்துவிட்டுப் படுத்தவளுக்கு இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் பார்த்தது என்ன? தண்ணீர் போகிற பக்கம்தான் போனேன், ஆனால் மேற்கே போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் நிஜமாகவே மேற்கே ஓடியிருந்தால் எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது, ஆனால் உன் அப்பாவுக்கு நான் செய்தது பாவம். ஓடவில்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியது என்றால் அப்பாவுக்குச் செய்தது சரி, ஆனால் இப்போது என் முறை. இதில் எது நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? பிள்ளையாருக்கு முன்னால் நின்று வேண்டத் தெரியாமல் திரும்பி வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், தெரிந்துவிட்டது. நாலு நாள் ஏரிப் பக்கமே போகவில்லை. ஜெயா வந்து, "வேணாங்க்கா, தம்பி வர்ற வரைக்கும் வீட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். நானும் அதே வார்த்தையை ஒருத்தரிடம் சொன்னவள்தானே, அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

நேற்று நீ போனை வைத்து, பாலைத் துடைத்து முடித்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜெயா வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், திருடி மாதிரி. ஏரி வாசலில் செல்வம் இருந்தான். "தம்பி, எனக்கு ஒண்ணு பாக்கணும், கூட வர்றியா?" என்று கேட்டேன். பெஞ்சு வரைக்கும் கூட வந்தான். நல்ல வெயில், பனி இல்லை. ஒரு புங்க இலையைக் கிள்ளி வாய்க்காலில் போட்டேன். கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாகக் கிழக்கே போனது. சரி, சிங்கப்பூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். "என்னம்மா பாக்குறீங்க?" என்றான் செல்வம். சொன்னேன். அவன் சாதாரணமாகச் சொல்கிறான்: "இன்னக்கி கெழக்கதாம்மா போவும். கீழ வாய்க்கா ஷட்டரு தொறந்துருக்குல்ல. அன்னக்கி அடைச்சிருந்தாங்க. மேலண்ட மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறணும்னா கீழ அடைச்சுட்டு ஏரி மதவத் தொறந்து விடுவாங்க. அப்ப மேக்க எதுத்துக்கிட்டுத்தான் போவும்."

"எத்தன வருஷமா?" என்று கேட்டேன். ஷட்டர் வைத்ததிலிருந்தே அப்படித்தான் என்றான், ஆறு வருஷம் இருக்கும் என்றான். அப்பா சேற்றோடு வந்து நின்ற வருஷம்தான் அது. அவர் உளறவில்லை, தம்பி. சேதி சொல்ல வந்தார். அறுபது வருஷம் கிழக்கே ஓடிய தண்ணீர் மேற்கே திரும்பிப் போகிறது, நம் கடைமடை வயலுக்கு வரவில்லை, பயிர் காயப்போகிறது என்று வயிறெரிந்து, அது எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். ஷட்டர் விஷயம் அவருக்குப் பிறகு தெரிந்ததா, தெரிந்தும் என்னிடம் பேச மனசு வரவில்லையா, இனிமேல் யாரிடம் கேட்பது? பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாவம், செல்வம் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டே நின்றான்.

இதோடு முடித்திருந்தால், "உங்க அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, டிக்கெட்ட கேன்சல் பண்ணு" என்று தெம்பாக எழுதியிருப்பேன். ஆனால் செல்வம் இன்னொன்றும் சொன்னான். "அன்னக்கி நான் தூரத்துல வர்றப்பவே நீங்க கூப்புட்டுக்கிட்டு இருந்தீங்கம்மா. அந்தச் சத்தத்த வச்சுத்தான் வந்தேன். யாரும்மா அது?" என்று கேட்டு ஒரு பேரைச் சொன்னான். உன் அப்பா பேர். தம்பி, நாற்பத்தோரு வருஷத்தில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. கையால் எழுதியிருக்கிறேன், சம்பளப் பட்டியலில், ரேஷன் கார்டில். ஆஸ்பத்திரியில் கேட்டால் உன்னை முன்னால் தள்ளி "அப்பா பேரச் சொல்லுடா" என்பேன், நீயும் ராகம் போட்டுச் சொல்வாய். அவர் போன அன்றைக்குக்கூட "ஏங்க, ஏங்க" என்றுதான் அழுதேன். அந்தப் பேரைச் சொல்லி வயல்வெளியில் கூப்பிட்டேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. சோறு வாளியோடு வழி தவறி நின்ற அந்தப் புதுப்பொண்ணாகவே ஆகிவிட்டேனா, அவர் வந்து கூட்டிப்போவார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. தண்ணீர் திரும்பியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இதற்கு எந்த ஷட்டரைத் திறந்து பார்ப்பது? இதை உன்னிடம் மறைத்திருக்கலாம், செல்வம் யாரிடமும் சொல்ல மாட்டான். ஆனால் மண்வெட்டியை மறைத்ததே போதும்.

அதனால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, தம்பி. நீ சொல்வது சரியாக இருக்கலாம். உன்னோடு வந்து பதினாலாவது மாடியில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிவிடுவதுதான் எனக்கு நல்லதாகவும் இருக்கலாம். அங்கே எந்தப் பக்கம் கிழக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வேன் என்பது வேறு விஷயம். வர மாட்டேன் என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்குக் கவிதா ஏதாவது நம்ப முடியாததைச் சொன்னாலும், உன் பெண் சொன்னாலும், சிரிக்காதே. அவர்கள் பயந்துபோய்ச் சொல்வார்கள், நீயும் பயந்துபோய்ச் சிரிப்பாய், அதோடு அவர்கள் வாய் மூடிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான், அவரை முடக்கிப்போட அதுவே போதுமானதாக இருந்தது.

பெட்டியை இன்னும் இறக்கவில்லை. மண்வெட்டியைத்தான் பரணிலிருந்து இறக்கினேன். தகடு துருப்பிடித்துப்போய்விட்டது, பிடி நன்றாக இருக்கிறது. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் அவர் வைக்கிற இடத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். வந்ததும் இது ஏன் இங்கே என்று கேட்காதே.

நீ வந்த மறுநாள் காலையில் என்னோடு ஏரிக்கு வா. ஜெயா வேண்டாம், செல்வம் வேண்டாம், நீயும் நானும் போதும். நான் முன்னால் நடக்கிறேன், நீ பின்னால் வா. இரண்டாவது கோபுரம் இறங்கி, பெஞ்சிலிருந்து நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார். சரியான பக்கம் திரும்பினால் பேசிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். தவறான பக்கம் திரும்பினால் உடனே "அம்மா" என்று கூப்பிட்டுவிடாதே. கொஞ்ச தூரம் கூடவே வா. குனிந்து வாய்க்காலை நீயும் ஒரு தடவை பார். அதற்குப் பிறகு நீ என்ன சொல்கிறாயோ, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். மூன்று பர்லாங்குதான். உன் அப்பாவோடு நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

அம்மா